வாழைக்குருத்து நிறத்தில் ஒரு கல்

எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் கொஞ்ச காலம் ஒரு பாஷாணக் கல் இருந்தது. பாஷாணம் என்று தெரியாமல்தான் இருந்தது.

ஆவடியில் கேபிள் டிவி ஒயர் வீட்டுக்கு வீடு தாவ ஆரம்பித்திருந்த காலம். வளைகாப்பு முடிந்து என் தங்கச்சி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். கிரேக்க நாட்டுத் துறைமுகம் ஒன்றில், பழைய சுரங்கத்துக்குப் பக்கத்துக் கடையில் இந்தக் கல்லைப் பார்த்தாராம். பெண்டாட்டிக்கு எதையாவது வாங்கிப் போக வேண்டுமே என்று வாங்கி வந்துவிட்டார். துருப்பிடித்த மாதிரி ஒரு பழுப்புப் பாறை. அதன் குழிக்குள் கற்கண்டை உடைத்துக் கொட்டினதுபோல் பளபளப்பு. வாழைக்குருத்து விரியும்போது மஞ்சள் என்றும் சொல்ல முடியாமல் பச்சை என்றும் சொல்ல முடியாமல் ஒரு நிறம் காட்டுமே, அந்த நிறம்.

"சென்ட்டு வாங்கினு வருவார்னு பாத்தா, கல்லத் தூக்கினு வந்துகீறாரு" என்று தங்கச்சி உதட்டைப் பிதுக்கினாள்.

"அடிப் போடி, பச்சையம்மனே கப்பலேறி வந்துகீறா" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கல் சாமி அலமாரிக்குப் போனது. வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் தண்ணீர், எலுமிச்சம்பழச் சாறு என்று அபிஷேகம். அந்தத் தீர்த்தத்தில் தங்கச்சிக்கு ஒரு வாய். "வயித்துல கீற புள்ளைக்கு அம்மன் காவல்" என்பாள் அம்மா. பூஜை நடக்கும்போது நான் வேலைக்குப் போயிருப்பேன். சாயங்காலம் வீடு திரும்பினால் எலுமிச்சை வாசனை மட்டும் மிச்சமிருக்கும்.

எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் வேலை. வார்த்த உருப்படிகளில் விரிசல் பார்க்க வேண்டும். ஒரு சாயத்தில் முக்கி, கழுவி, இருட்டறையில் கருப்பு விளக்கு என்று நாங்கள் சொல்லும் புற ஊதா விளக்கைக் காட்டினால், விரிசலுக்குள் புகுந்த சாயம் பச்சைக் கோடாக ஒளிரும். வெறும் கண்ணுக்கு முழுசாகத் தெரியும் இரும்பு அங்கே தன் குட்டை வெளியே விட்டுவிடும். "இரும்பு பொய் சொல்லும் மாமே, வெளக்கு சொல்லாது" என்பான் என்னோடு வேலை பார்த்தவன்.

அந்த விளக்கில் அம்மன் எப்படித் தெரிவாள் என்று எனக்கு ஓர் ஆசை. அம்மாவிடம் கேட்டேன். "வெளக்கு வெக்கிற நேரத்துக்குள்ள அம்மன் ஊடு வந்து சேரணும்" என்ற கண்டிஷனோடு மஞ்சள் துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

"இன்னா மாமே, சோத்து மூட்டைக்குப் பதிலா கல்லு மூட்டையா?" என்று கூட்டாளி சிரித்தான். விளக்கைப் போட்டதும் சிரிப்பு நின்றது. கல் அப்படியே பச்சையாக எரிந்தது. சாயமும் இல்லை, ஒன்றும் இல்லை, தானாகவே.

சேதி முலாம் போடும் பகுதிக்குப் போய், அங்கே கெமிஸ்ட்டாக இருந்த மேடம் வந்தார். எந்த ஊர்க் கல் என்று கேட்டார். கத்தி முனையால் ஓரத்தில் லேசாகத் தொட்டார், கீறல் விழுந்தது. உதிர்ந்த துகளில் ஒரு சொட்டு அமிலம் விட்டார்; நுரைக்காமல் கரைந்தது. பிறகு இரண்டு கையையும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"அடமைட்னு நினைக்கிறேன். அபூர்வமான கல்தான். பூமிக்குள்ள துத்தநாகமும் ஆர்சனிக்கும் இருக்கிற தாதுல மழைத்தண்ணியும் காத்தும் பட்டுப் பட்டு, அது இரும்பு மாதிரி துருப்பிடிக்கும். அந்தத் துருத்தண்ணி பாறைச் சந்துல இறங்கி, நின்னு, நிதானமா இப்படிப் படிகமாயிடும். ஆர்சனிக்னா தெரியுமில்ல? பாஷாணம்."

தீர்த்த விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"வெறும் தண்ணியில இது அவ்வளவா கரையாது. புளிப்புலதான் கரையும். அபிஷேகத்துக்கு என்னென்ன ஊத்துவாங்க?"

"எலுமிச்சம்பழம், மேடம்."

"உடனே வீட்டுக்குப் போங்க. தங்கச்சியை டாக்டர்கிட்ட அழைச்சுக்கிட்டுப் போங்க" என்றவர், கல்லை ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு இறுக மூடிக் கொடுத்தார்.

அம்பத்தூரிலிருந்து ஆவடிக்கு சைக்கிளை எப்படி மிதித்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு வழியெல்லாம் எலுமிச்சம்பழமாகவே தெரிந்தது. தள்ளுவண்டியில் எலுமிச்சை, கடை வாசலில் கட்டித் தொங்கவிட்ட எலுமிச்சை, லாரிச் சக்கரத்தடியில் நசுங்கிய எலுமிச்சை.

தங்கச்சி வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாடா, இப்டி மூச்சு வாங்குது? அம்மன் எங்கடா?"

ஜாடியைக் காட்டி எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். தங்கச்சி கீரையை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அம்மா மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அம்மன் மேல தண்ணி ஊத்தினேன்னு உனக்கு எவன்டா சொன்னான்?"

"அப்ப அபிஷேகம்?"

"மொத வெள்ளிக்கெழம ஒரு சொட்டு வுட்டதுமே ஒரு துணுக்கு உதிர்ந்து தண்ணில வுழுந்துச்சு. கொல நடுங்கிப் போச்சு எனக்கு. அந்தத் தண்ணிய யார் வாயிலயும் வெக்காம, கால் படாத எடமா பாத்து ஊத்திட்டேன். அப்பறம்தான் யோசன வந்துது. கோயில்ல சுதையில செஞ்ச பெரிய சாமிக்குத் தண்ணி ஊத்துவாங்களா? கரைஞ்சிடும்னு எதிர்ல கண்ணாடிய வெச்சு, அதுல தெரியற உருவத்துக்குத்தான் ஊத்துவாங்க. நானும் தட்டுல கண்ணாடிய வெச்சு, அதுல அம்மன் மூஞ்சி தெரியற மாதிரி பாத்து ஊத்தினேன். உன் தங்கச்சி குடிச்சதெல்லாம் கண்ணாடித் தண்ணிடா!"

அலமாரிக்குக் கீழே எட்டிப் பார்த்தேன். நான் முகம் வழிக்கும் வட்டக் கண்ணாடி. அதன் விளிம்பில் மஞ்சள் படிந்திருந்தது. காணோம் காணோம் என்று நான் வாரக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்த கண்ணாடி.

உட்கார்ந்த இடத்திலேயே சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்தக் கல் இன்னும் கொஞ்சம் கெட்டியாக இருந்திருந்தால் துணுக்கு உதிர்ந்திருக்காது; அம்மாவும் நிறுத்தியிருக்க மாட்டாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்பதை அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்துகொண்டேன்.

ஆனாலும் டாக்டரம்மாவிடம் போனோம். ரத்தம், சிறுநீர் எல்லாம் பரிசோதனைக்குப் போயிற்று. முடிவு வந்த அன்றைக்கு மறுபடி போனோம். "ஒண்ணுமில்ல, நல்லா சாப்பிடச் சொல்லுங்க" என்று அவர் சொன்னதும், தங்கச்சி ஆஸ்பத்திரி வாசலிலேயே மசால் தோசை கேட்டாள். இரண்டு தின்றாள்.

கல்லைத் தூக்கிப் போடச் சொன்னால் அம்மா கேட்கவில்லை. "கிட்ட வராதேன்னு அவளே துணுக்கு உதிர்த்துச் சொல்லிகீறா. சொன்ன பேச்சக் கேட்டா அவ எதுக்குடா அடிக்கப் போறா?" என்றாள். ஜாடி மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றி அடைத்து, கை எட்டாத மேல்தட்டில் வைத்துவிட்டு, மேடம் செய்த மாதிரியே எல்லோரும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டோம். அபிஷேகம் பழையபடி கண்ணாடிக்கு. எனக்கு வேறு கண்ணாடி வாங்கிக்கொண்டேன்.

தங்கச்சிக்குப் பெண் பிறந்தது. பார்க்க வந்த மாப்பிள்ளை குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு, "அடுத்த ட்ரிப்புல இன்னா வாங்கினு வரட்டும் அத்தே?" என்று கேட்டார்.

அம்மா மேல்தட்டைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள்.

"சோப்பு வாங்கினு வாங்க மாப்ளே" என்றாள். "நெறைய வாங்கினு வாங்க."