லான்ஸ் கார்ப்பொரலுக்கு ஒரு மலர்வளையம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் பி.ஏ. பட்டம் வீதிக்கு நாலு பேரிடம் இருந்தது, வேலைதான் இல்லை. நான் ஸ்ரீரங்கத்தில் மாமனார் வீட்டில் வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்தேன். இரண்டாம் தடவை மோர் கேட்கக் கூசி இலையை மடித்துவிடுவேன். மாமனார் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லித் தொலைத்திருந்தால் தேவலை.

அப்போது திருச்சி கண்டோன்மென்ட்டில் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரக் கர்னல் ஒருவர் தம் ரெஜிமென்ட்டின் சரித்திரத்தை எழுதிக்கொண்டிருந்தார். முழங்கால் வீக்கத்தால் அவருக்கு நடக்க முடியாது. ரெஜிமென்ட் இந்த ஊரில் முகாமிட்டிருந்த காலத்தில் செத்தவர்களின் கல்லறைகளைப் பார்த்து, கல்லில் இருப்பதை எழுதிவர ஆள் தேடினார். சம்பளம் சொற்பம். ஆனால் வேலை முடிந்ததும் சிபாரிசுக் கடிதம் தருவதாகச் சொன்னார். அந்தக் கடிதம் கிடைத்தால் சர்க்கார் உத்தியோகம் கிடைக்கும். உத்தியோகம் கிடைத்தால் தென்னூரில் வாடகை வீடு பார்த்து, என் மோரை நானே ஊற்றிக்கொள்ளலாம். ராத்திரி பகல் எனக்கு அந்தக் கடித நினைப்புதான்.

முதல் வாரம் ஒழுங்காகவே வேலை பார்த்தேன். பகலெல்லாம் கல்லறைத் தோட்டத்துக்குள் உட்கார்ந்து எழுதுவேன். சாயங்காலம் அம்மா மண்டபத்துப் படித்துறையில் முழுக்குப் போட்டுவிட்டு, ஈர வேட்டியோடு வீட்டுக்குள் நுழைவேன். சனிக்கிழமை மாமனார் வாசலில் என்னை நிறுத்தினார்.

"மாப்பிள்ளை, நீங்க தீர்த்தமாடிட்டேள், சரி. நோட்டு?"

"நோட்டா?"

"அதுவும் உங்களோடதானே மயானத்துக்குப் போயிட்டு வரது? அதுக்கு மட்டும் தீட்டு இல்லையா?"

சாஸ்திரத்தை எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. நோட்டை வாங்கிக் கிணற்றடி வாளியில் அவரே மூன்று முறை முக்கி எடுத்தார். ஒரு வாரத்துக் கேப்டன்களும் சார்ஜென்ட்களும் நீல மையாகக் கரைந்து, கொல்லைப்புற வாழைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அதற்குப் பிறகு நான் கல்லறைத் தோட்டத்துக்குள் காலே வைக்கவில்லை. எழுத்து பொடியாக இருக்கிறது என்று கர்னலிடம் பொய் சொல்லி அவருடைய பைனாகுலரைக் கடன் வாங்கினேன். ஒரு ஜட்கா வண்டியைச் சாலையில் மதில் ஓரமாக நிறுத்தி, வண்டிக்காரர் கடிவாளத்தைப் பிடித்துக்கொள்ள, நான் வண்டிக்காரர் பலகைமேல் ஏறி நின்று படித்தேன். குதிரை நகர்ந்தால் ஒரு லெப்டினன்ட் விட்டுப்போவார். மதிலுக்கு உள்ளே போகவில்லை, ஆகவே எனக்கும் தீட்டு இல்லை, நோட்டுக்கும் இல்லை.

மூலையில் வேப்பமரத்தடியில் தனியாக ஒரு கல் இருந்தது. கீழ்ப்பாதியைப் புல் மறைத்திருந்தது. மேல்பாதியில், இங்கே கிடப்பவர் ஒரு லான்ஸ் கார்ப்பொரல், எல்லா அணிவகுப்பிலும் ரெஜிமென்ட்டுக்கு முன்னால் நடந்தவர், இந்த ஊர் வெயில் தாளாமல் மாண்டார், ரெஜிமென்ட் முழுவதும் சேர்ந்து இந்தக் கல்லை வைத்தது என்று இருந்தது. சட்டைக் கையில் ஒற்றைப் பட்டை மட்டும் போட்ட சின்ன ஆசாமிக்கு இத்தனை மரியாதையா என்று என் மனசு இளகிவிட்டது. நோட்டில், ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் போலும், ஊரில் ஒரு தாய் காத்திருந்திருப்பாள் என்று சொந்தச் சரக்கையும் சேர்த்தேன்.

கர்னல் அதைப் படித்துவிட்டு மூக்கைச் சிந்தினார். "எத்தனை ஜெனரல்களுக்கு இப்படி ஒரு கல் கிடைத்தது?" என்றார். மறு ஞாயிறே மலர்வளையம், பாதிரியார், இரண்டு கிழ அதிகாரிகள், பியூகிள் ஊத ஓர் ஆள் என்று ஏற்பாடாகிவிட்டது.

அன்று கர்னலை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். நான் வழக்கம்போல் மதிலுக்கு வெளியே ஜட்காமேல் நின்று, "அதோ, வேப்பமரத்தடி" என்று கை காட்டினேன். பியூகிள் ஊதினார்கள். பாதிரியார் ஜபம் செய்தார். எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். வளையம் சரியாக உட்காரவில்லை என்று ஒரு பியூன் குனிந்து புல்லைப் பிடுங்கினான். கல்லின் கீழ்ப்பாதியில் அழகாகச் செதுக்கிய ஒரு தலை தெரிந்தது. அதற்கு இரண்டு கொம்பும் ஒரு தாடியும் இருந்தன.

கர்னல் சேர்வதற்கு வெகுகாலம் முன்பு அந்த ரெஜிமென்ட்டில் அணிவகுப்புக்கு முன்னால் ஓர் ஆட்டை நடத்திப்போவது வழக்கமாம். அதற்குப் பதவியும் உண்டாம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் ஊரில் உற்சவத்துக்கு முன்னால் யானை போகும். அதை யாரும் கார்ப்பொரல் ஆக்கியதில்லை.

"சாமி, ஆட்டுக்கா இவ்வளவு நேரம் ஊதினாங்க?" என்று வண்டிக்காரர் கேட்டார். கிழ அதிகாரிகளின் தோள்கள் குலுங்கின. கர்னல் மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தார்.

"நீ ஏன் இன்னும் அங்கேயே நிற்கிறாய்?"

வாளி, வாழை, பைனாகுலர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வெட்கத்தில் காது எரிந்தது. கடிதம் போயிற்று, தென்னூரும் போயிற்று என்று தீர்மானித்துக்கொண்டேன். அவர் நாற்காலியைத் தூக்கச் சொன்னார்.

மறுநாள் அவருடைய வேலைக்காரன் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். "இவர் நாணயமானவர். எந்தக் காரியத்தையும் அதன் பக்கத்திலேயே போகாமல் செய்து முடிக்கும் திறமை உள்ளவர்" என்று அதில் எழுதியிருந்தது. சர்க்காரில் அதைப் புகழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. ஒரு மாதத்தில் குமாஸ்தா உத்தியோகம் கிடைத்தது.

மாமனார் கடிதத்தைத் தமிழில் சொல்லச் சொன்னார். மறைக்க மனமில்லாமல் அப்படியே சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அவர் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

"மயானத்துல வேலை பார்த்தும் கிட்டக்கப் போகலைன்னு வெள்ளைக்காரனே எழுதிக் குடுத்திருக்கான் பாருங்கோ. என்ன ஆசாரம்!"

வீதி முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் தென்னூருக்குக் குடிபோய், முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்து, சர்க்கார் வெட்டிய, நான் போய்ப் பார்க்காத கிணறுகளுக்கெல்லாம் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டேன். ஆட்டைப் பார்த்த அந்த ஒரு நிமிஷத்தில் கர்னல் என்னைத் தெரிந்துகொண்ட அளவுக்கு, மாமனார் கடைசிவரை தெரிந்துகொள்ளவில்லை.