ஒரே கோட்டுக்கு இரண்டு வார்த்தை

சுருக்கெழுத்தைக் கண்டுபிடித்தவன் என் கையில் கிடைத்திருந்தால் காயலில் தள்ளியிருப்பேன். அதில் எழுத்துக்கு இடமில்லை, ஒலிக்குத்தான். காதில் ஒரே மாதிரி விழும் இரண்டு ஆங்கில வார்த்தைகளுக்கு ஒரே கோடு. எது எது என்பது டைப் அடிக்கிறவன் தலையில் விடியும்.

எழுபதுகளின் கடைசியில், மட்டாஞ்சேரி பஜாரில் மிளகு கமிஷன் மண்டி ஒன்றில் தற்காலிக டைப்பிஸ்டாக இருந்தேன். ஓணம் கழிந்ததும் நிரந்தரமாக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார். அதை நம்பி வீட்டில் எனக்குப் பெண் பார்க்கவே ஆரம்பித்துவிட்டார்கள்.

முதலாளி நடந்துகொண்டே கடிதம் சொல்வார். நடுவில் வாயைத் திறந்தால் தொலைந்தோம். அன்று பம்பாய் வியாபாரி விலையைக் குறைக்கச் சொன்னதற்கு ஆங்கிலத்தில் பதில் சொன்னார்: 'இதற்கு எங்கள் பிரின்சிபல்ஸ் சம்மதம் இல்லை.' என் நாற்காலிக்குத் திரும்பி வந்து, நான் போட்ட சுருக்கெழுத்துக் கோட்டைப் பார்க்கிறேன். கொள்கை சம்மதிக்காது என்றாலும் பொருந்துகிறது. நாங்கள் யாருக்காக மிளகு விற்கிறோமோ அந்தத் தோட்டக்காரர்கள் சம்மதிக்கவில்லை என்றாலும் பொருந்துகிறது. எழுத்து மட்டும் வேறு வேறு.

என் மூளை சும்மா இருக்குமா? இரண்டு விதமாகவும் அடித்துக் கையெழுத்துக்கு வைத்தேன். படித்துவிட்டு ஒன்றைக் கிழிப்பார் என்று கணக்கு. அவரோ வெளியூர் டிரங்க் காலில் கத்திக்கொண்டே இரண்டிலும் கையெழுத்தை இழுத்துத் தள்ளிவிட்டார்.

டெலிபோன் பார்க்கும் சேச்சிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தமிழ்ப் பிராமணன் என்பதால் அவளுக்கு நான் பட்டர். "எந்தா பட்டரே, பேயைக் கண்டதோ? ஒண்ணைப் போஸ்ட் பண்ணு. மத்ததை எனக்குத் தா, மத்தி மீன் பொதியலாம்."

"சிரிக்காதீங்கோ சேச்சி, என் வேலை போயிடும்!"

வேறு வழியில்லாமல் முதலாளி முன்னால் போய் நின்றேன். "சார், நீங்க சொன்னது கொள்கையா, தோட்டக்காராளா?"

"கொள்கையா? மிளகுக் கச்சவடத்திலயா?" வியாபாரத்தில் கொள்கையா என்று வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "அப்போ இத்தனை நாளா எப்படியடா அடிச்சே?"

"தோணினபடி, சார்."

அப்புறம்தான் என் கையிலிருந்த இரண்டு தாள்களையும், இரண்டிலும் இருந்த தன் கையெழுத்தையும் பார்த்தார். படிக்காமல் கையெழுத்துப் போட்டதற்காகத் தன்மேல் வந்த கோபத்தை என்மேல் இறக்கினார். நிரந்தரம் அடுத்த ஓணத்துக்குத் தள்ளிப்போயிற்று. வீட்டில் பார்த்த பெண்ணின் வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

தள்ளிவைத்த உத்தரவையும் அவரே சொல்ல, நானே கோடு போட்டு எடுத்து, நானே அடித்துக் கொடுத்தேன். மனுஷர் அதை மட்டும் கண்ணாடி மாட்டிக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படித்தார்.