இளமை மாத்திரை

மாமி வீட்டுக் கதவு என் முகத்துக்கு நேரே சாத்தப்பட்டதும், பம்பாய் கிங்ஸ் சர்க்கிளைத் தாண்டி தாராவிக்கு நடந்தேன். கம்பவுண்டரிடம் இனித் திரும்புவதில்லை. எச்சில் விரலால் மாத்திரை எண்ணி, மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு இளமை திரும்பும் என்று ஹார்மோன் விற்கிற ஆள். அவர் கடையில்தான் நான் புட்டி கழுவினேன்.

அன்று அந்த மாமி கடைக்கு வந்து, "ஏழு வருஷம் கழிச்சு மறுபடி தூரம் உக்காந்து எழுந்திருக்கேன்" என்று வெட்கப்பட்டாள்.

"பாத்தீங்களா, குமரியாயிட்டீங்க!" என்று அவர் இன்னொரு புட்டி கொடுத்தார்.

அவள் போனதும், "இந்த வயசுல ரத்தம் வரலாமாண்ணே?" என்று கேட்டேன்.

"கர்ப்பப்பையில கேன்சரா இருக்கும்டா. இப்பவே அறுத்து எடுத்தா பொழைப்பா. அதைச் சொன்னா நாளைக்கு எவ மாத்திரை வாங்குவா?"

ஓடிப்போய் மாமி வீட்டில் சொன்னேன். "புட்டி கழுவறவன் பேசற பேச்சாடா இது?" என்று அவள் கணவர் விரட்டினார்.

மறுநாள் காலை தாராவியில் தோல் பதனிடும் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே அழுகியதை அழுகல் என்றே சொன்னார்கள்.