மருமகனுக்கு வாங்கிய ஸ்கோப்

என் மருமகன் மான் சுடுகிறவன். சபையில் 'அவர்' என்றுதான் சொல்வேன், மனதுக்குள் எப்போதும் 'அவன்'தான். வெள்ளைக்காரன். கிழமை நாட்களில் குரோய்டனில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருப்பான். சனிக்கிழமை வந்தால் லைசென்ஸ் எடுத்த துவக்கோடு லண்டனுக்கு வெளியே காட்டுக்குப் போய்விடுவான். அங்கே மான் பெருகி மரக்கன்றுகளையெல்லாம் தின்று தீர்க்கிறதாம். காட்டுச் சொந்தக்காரரே கூப்பிட்டுச் சுடச் சொல்கிறார்களாம். இறைச்சியைப் பொட்டலம் கட்டி எங்களுக்கும் கொண்டுவருவான். மனைவி மிளகு தூக்கலாகப் போட்டுப் பிரட்டுவாள், நான் கேட்டு வாங்கிச் சாப்பிடுவேன். ஆனால் டூட்டிங்கில் சொந்தக்காரர் யாராவது விசாரித்தால், "அவர் காடு பராமரிக்கிற வேலையும் செய்யிறார்" என்று சொல்லித் தப்பிவிடுவேன்.

கலியாணத்தில் மாப்பிள்ளைக்கு நான் சங்கிலி போட்டேன். கொஞ்ச நாள் கழித்து அதை அழகாகப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, "மாமா, நான் நகை போடுறதில்லை. உங்களிட்டயே இருக்கட்டும்" என்றான். அவன் பேசுவது இங்கிலிஷ், 'மாமா' மட்டும் தமிழ். மரியாதையாகத்தான் சொன்னான். எனக்கோ விசர் தலைக்கேறிவிட்டது. பெண் வீட்டார் போட்டதைக் கழற்றித் திருப்பித் தருவதென்றால், உங்கள் உறவே வேண்டாம் என்றுதானே எங்கள் ஆட்களிடம் அர்த்தம்? மாதக்கணக்கில் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மகள் அழுதாள். கடைசியில் என்ன பிழை செய்தோம் என்று விளங்காமலே அவன் வந்து மன்னிப்புக் கேட்டான். நானும் பெரிய மகாராஜா மாதிரி மன்னித்துவிட்டேன். அதற்குப் பிறகு அவன் எங்கள் வீட்டில் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. மூன்றாம் தரம் சோறு போட்டாலும் வாயைத் திறக்காமல் சாப்பிடுவான். அட, பிள்ளை திருந்திவிட்டான் என்று நான் நினைத்தேன்.

போன வருடம் அவனுடைய பிறந்தநாள் வந்தது. துவக்கில் பூட்டிக் குறிபார்க்கிற ஸ்கோப் பழசாகிவிட்டது என்று மகள் சொன்னாள். நான் உடனே சட்டையை மாட்டிக்கொண்டேன்.

"இஞ்சருங்கோ, அவரிட்ட ஒரு சொல்லுக் கேட்டுப்போட்டு வாங்குங்கோவன்" என்றாள் மனைவி. "உங்களுக்கு அதைப் பற்றி என்ன தெரியும்?"

"கேட்டுக் குடுக்கிறதுக்குப் பேர் அன்பளிப்பே? மாப்பிள்ளைக்குக் குடுக்கிறது எண்டா நாங்கள்தான் பார்த்து எடுக்கோணும். நீ சும்மா இரு."

துவக்குக் கடைக்காரர் வயதான வெள்ளைக்காரர். மருமகன் வெட்டவெளியில் சுடுகிறவனா, காட்டுக்குள்ளேயா, எந்த நேரத்தில் என்று கேட்டார். காட்டுக்குள்ளே, பொழுதுபடுகிற நேரத்தில் என்றேன். அவர் ஒரு சாதாரண ஸ்கோப்பை எடுத்து மேசையில் வைத்தார். பார்ப்பதற்கு வீட்டில் கரண்ட் போனால் தேடுகிற டோர்ச் மாதிரி இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. ஆளையும் நிறத்தையும் பார்த்துவிட்டு மலிவானதைக் காட்டுகிறான் என்று நினைத்தேன். கண்ணாடி அலுமாரிக்குள் இருந்ததிலேயே நீளமான, பெரிய ஸ்கோப்பைக் கை நீட்டிக் காட்டினேன். அது தூரத்து அட்டைக்குக் குறிவைத்துப் பழகுகிறவர்களுக்கு, உள்ளே இருக்கிற குறுக்குக் கோடு மெல்லிசு, மங்கல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது என்று அந்த மனுசன் பொறுமையாகச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எனக்கு வீம்புதான் கூடியது. "அதைத்தான் கட்டித் தாரும்" என்றேன்.

பெட்டியைத் திறந்ததும் மருமகன் மகளைப் பார்த்தான். மகள் குனிந்து, கீழே கிடந்த கடதாசியைப் பொறுக்கினாள். பிறகு அவன் எழும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்து, "மெத்த நல்லது மாமா" என்றான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அடுத்த தரம் காட்டுக்குப் போகும்போது நானும் வருவேன் என்று சொன்னேன். அதற்கும் அவன் ஓம் என்றான்.

காட்டுக்குள் ஒரு மரத்தோடு சேர்த்துப் பரண் கட்டியிருந்தது. ஏணியில் ஏறி இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். வெளிச்சம் இறங்கி, மரங்களுக்குக் கீழே எல்லாம் ஒரே நிறமாக வந்த நேரத்தில் ஒரு மான் வெளியே வந்தது. குட்டி அல்ல, வளர்ந்த பெண் மான். அவன் துவக்கைத் தூக்கி, நான் வாங்கிக் கொடுத்த ஸ்கோப்பில் கண்ணை வைத்தான். முகத்தை எடுத்தான், கண்ணைச் சிமிட்டினான், திரும்பவும் வைத்தான். பிறகு துவக்கை மெல்லக் கீழே இறக்கத் தொடங்கினான்.

நான் அவன் காதுக்குள் கேட்டேன். "நல்லாத் தெரியுதுதானே?"

மானைப் பற்றியா கேட்டேன்? என் ஸ்கோப்பைப் பற்றித்தான் கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்த்தான்.

"ஓம் மாமா" என்றான். சுட்டான்.

மான் விழவில்லை. முதுகை வளைத்து ஒரு தரம் துள்ளிவிட்டு, பின்காலை இழுத்துக்கொண்டு பற்றைக்குள் போய்விட்டது. அவன் வாயைக் கையால் பொத்திக்கொண்டான். அவன் சுட்டு ஒரு மான் காயத்தோடு ஓடியதே இல்லை என்று மகள் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். உடனே பின்னால் போனால் அது இன்னும் தூரம் ஓடும், கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்றான். அந்த இடைவெளியில் நான் ஸ்கோப்புக்குள்ளே ஒருக்கால் பார்க்கட்டுமா என்று கேட்டேன். ரவைகளைக் கழற்றிவிட்டுத் தந்தான். மான் நின்ற இடத்தைப் பார்த்தேன். இருட்டுத்தான் தெரிந்தது. கோட்டைத் தேடினேன். கண்ணைக் கசக்கிவிட்டுத் திரும்பவும் தேடினேன். கோடு இல்லை.

காரில் கட்டிவைத்திருந்த அவனுடைய நாயை அவிழ்த்துக்கொண்டு வந்தோம். அது இலைகளில் இருந்த இரத்தத்தை மோந்து மோந்து இழுத்துக்கொண்டு போனது. ஓடைக்கரையில் மான் படுத்திருந்தது, தலை மட்டும் நிமிர்ந்திருந்தது. வயிற்றில் பட்டிருந்தது. எங்களைக் கண்டதும் எழும்பப் பார்த்தது, ஏலவில்லை. கிட்டப் போய் அவன் இன்னொரு வெடியால் அதை முடித்தான். பிறகு முழங்காலை ஊன்றி அதன் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு, "நான்தான் அவசரப்பட்டிட்டன். என்ர பிழை மாமா" என்றான்.

ஐயோ, அந்தச் சொல்லை என்னால் தாங்க முடியவில்லை. அந்த உயிரை அந்தப் பாடு படுத்தியது நான். என் வீம்பும், என் மரியாதையும், மாமனார் என்கிற என் பெரிய மனுசத்தனமும்தான். எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னேன். "உமக்குக் கோடு தெரியேல்லை. இந்த ஸ்கோப் சரியில்லை. நான் பிழையானதை வாங்கிப்போட்டன். கழட்டி எறியும்."

அவன் பதறி எழும்பினான். கையெல்லாம் இரத்தம். அந்த முகத்தில் எங்கிருந்தோ ஒரு சிரிப்பைக் கொண்டுவந்து ஒட்டினான்.

"இல்லை மாமா, இல்லை. நல்ல ஸ்கோப். எனக்கு நல்லாப் பிடிச்சிருக்கு."

"உண்மையைச் சொல்லும், நான் கோபிக்கமாட்டன்" என்றேன்.

ஒரு நிமிடம் என்னையே பார்த்தான். சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். சொல்லடா தம்பி, சொல்லிவிடு என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"உண்மையாத்தான் மாமா. மெத்த நல்லது" என்றான், ஓர் அடி பின்னால் போய்.