கம்ப்யூட்டரில் வைக்கோல் போருக்குத் தீ வைத்த கதை

தொட்டியில் விட்ட தண்ணீர் நிற்கவே மாட்டேன் என்கிறது. கேமுக்குள் நெருப்பு, புகை, தண்ணீர், தூசி உண்டாக்குவதுதான் எங்கள் தொழில். இதில் ஒன்றுகூடச் சொன்ன பேச்சு கேட்காது என்பது உள்ளே வந்த பிறகுதான் தெரியும். நீங்களும் இதில் மாட்டிக்கொண்டவர் என்றால் படியுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். மாட்டாதவர் என்றால் சிரித்துவிட்டுப் போங்கள்.

நான் ப்ளஸ் ஒன்னோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். திண்டிவனத்தில் ரஃபீக் பாயின் கம்ப்யூட்டர் சென்டரில், வருகிறவர்களுக்கு ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பேன். ஆள் இல்லாத நேரத்தில் ஓர மிஷினில் யூடியூப் பார்த்து நான் இந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ளலாம், அதுதான் பேச்சு. விழுப்புரத்தில் ஒரு சின்னக் கம்பெனி கிராமத்துக் கேம் ஒன்று செய்துகொண்டிருந்தது. வைக்கோல் போர் எரிவதைச் செய்து காட்டினால் வேலை தருகிறோம் என்றார்கள். டிராக்டர் ஓட்டும் என் அப்பா சொன்னது அதைவிடத் தெளிவு: "ஐடிஐ-ல சேக்குறது முடியறதுக்குள்ள வேல கெடச்சா பாரு. இல்லன்னா ஃபிட்டர். அதுக்கு மேல பேச்சே கெடையாது."

ஒழுகுற தொட்டி

பழகுவதற்காக முதலில் ஒரு பம்ப்செட் தொட்டி செய்து தண்ணீர் விட்டேன். சுவரில் ஓட்டை எதுவும் இல்லை. ஆனாலும் தண்ணீர் நாலு பக்கமும் சுவருக்குள் புகுந்து வெளியே வருகிறது. சுவரை நான் காகிதம் மாதிரி மெல்லிசாக வைத்துவிட்டேன். கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் கட்டம் கட்டமாகத்தான் பார்க்கும். கட்டத்தைவிடச் சுவர் மெல்லிசாக இருந்தால், அப்படி ஒரு சுவர் இருப்பதே அதற்குத் தெரியாது. இதைக் கண்டுபிடிப்பதற்குள் கீபோர்டைக் குத்தி ஒரு பட்டனைப் பெயர்த்துவிட்டேன்.

பக்கத்து மிஷினில் கல்யாண ஆல்பம் செய்கிறவர் ஜெயந்தி அக்கா. பூர்வீகம் செஞ்சிப் பக்கம், நயினார் வீட்டுப் பெண், அதாவது தமிழ்ச் சமணர். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட வேண்டும் என்பதால் எப்போதும் முதலில் கிளம்புகிறவர். அன்று பையை மாட்டிக்கொண்டு என் பின்னால் வந்து நின்றார். தண்ணீர் ஒழுகுவதை நிதானமாகப் பார்த்தார்.

"தொட்டி கட்டுன மேஸ்திரி பாதி சிமெண்ட்ட வித்துட்டாருபோல தம்பி. ஆள புடிச்சிக் கேளு."

மெழுகுவத்திப் போர்

அடுத்தது நிஜ வேலை. போர் செய்தேன், தீ வைத்தேன். தீ எரிந்தது, ஆனால் படபடவென்று துடித்தது. எனக்கென்னவோ அருமையாகத்தான் தெரிந்தது. ஃபோனில் ஏற்றிக்கொண்டு போய் அப்பாவிடம் காட்டினேன். அவர் நிஜமாகவே போர் எரிந்து பார்த்தவர். ஒரு தடவை டிராக்டரை எடுத்துக்கொண்டு போய் எரிகிற போரை இழுத்துக் கலைத்திருக்கிறார்.

தப்பு எங்கே என்றால், போரின் அளவை நான் கவனிக்கவேயில்லை. கணக்குப்படி என் போர் உள்ளங்கையில் அடங்கும். சின்ன நெருப்பு வேகமாகத் துடிக்கும், பெரிய நெருப்பு சோம்பலாகப் புரளும். கம்ப்யூட்டருக்கு இது தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை. அப்பாவுக்கு அளவும் தெரியாது, கணக்கும் தெரியாது. ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சட்டையைக் கழற்றினார்.

"இதுவாடா போரு? மாதா கெபியில ஏத்தி வெக்கிற மெழுகுவத்தி. ஊதுனா அணைஞ்சிடும்."

கடையைக் காப்பாற்றியவர்

போரை வீட்டு உயரத்துக்குப் பெரிதாக்கினேன். பெரிதாக்கினால் கணக்குப் போட மிஷினுக்கு ஒரு பகல் முழுக்க வேண்டும். காலையில் ஓடவிட்டேன். மத்தியானம் வரைக்கும் கரண்டும் போகவில்லை. எனக்கே பயமாக இருந்தது, இவ்வளவு நல்லதெல்லாம் எனக்கு நடக்காதே என்று. டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் மிஷின் அணைந்து கிடக்கிறது. சாதிச் சான்றிதழுக்காகப் பெருமுக்கல்லில் இருந்து வந்த பெரியவர் ஒருவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிளக் அவர் கையில் இருந்தது. "பேஜாரு பண்ணிட்டியே பெரியவரே!" என்று ரஃபீக் பாய் தலையில் கை வைத்தார். எனக்கு வாயில் வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. பெரியவர் கொஞ்சமும் அசரவில்லை.

"டிவிக்குள்ள பொகையா வந்துக்கினு இருக்குது, நெருப்பு வேற தெரியுது. பாத்துக்கினு சும்மா இருக்கச் சொல்றியா? நான் புடுங்குனதாலதான்யா உங்க கடையே நிக்குது."

தூசி எடுக்க வந்தவன்

மறுபடி ஓடவிட்டதில் தீ சரியாக வந்தது. ஆனால் எரிந்த போர் சரியும்போது கிளம்புகிற தூசி மாவைக் கொட்டின மாதிரி இருந்தது. நிஜத் தூசி எப்படிக் கிளம்புகிறது என்று பார்க்கத் திருவக்கரைப் பக்கம் கல் குவாரிக்குப் பஸ் ஏறினேன். வெடி வைத்தார்கள். தூசி முதலில் குபீரென்று எழும்பி, அப்புறம் என்ன செய்வதென்று யோசிக்கிற மாதிரி அந்தரத்தில் நின்று, மெல்லக் காற்றுப் பக்கம் சாய்ந்தது. அப்படி நிற்பதைத்தான் நான் விட்டிருந்தேன். ஃபோனில் பிடித்துக்கொண்டேன்.

வாட்ச்மேன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "எந்தப் பேப்பர்டா நீ? யாரு அனுப்புனா?" பேப்பர் இல்லை, கேம் என்றேன். தூசி செய்யக் கற்றுக்கொள்கிறேன் என்றேன். செய்ததையும் காட்டினேன். அவருக்குக் கோபம் இன்னும் ஏறிவிட்டது.

"இங்க நாங்க தூசிய முழுங்கி முழுங்கி இருமிக்கினு கெடக்குறோம், நீ அதக் காசு குடுத்துக் கத்துக்கினு இருக்கியா? ஓட்றா!"

சுட்ட ஃபோன்

விழுப்புரம் கம்பெனியில் இந்த வேலைகளைப் பார்க்கிறவர் கலைவாணி மேடம். தூசியையும் திருத்திக் கொண்டுபோன என் போரைப் பெரிய திரையில் ஓடவிட்டார். தலையாட்டினார். எனக்கு அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. அப்புறம் மேசை டிராயரில் இருந்து, கண்ணாடி விரிசல் விட்ட மலிவு ஃபோன் ஒன்றை எடுத்து அதில் ஓடவிட்டார். நெருப்பு ஒரு தடவை அசைந்து அப்படியே நின்றது. ஃபோன் இஸ்திரிப் பெட்டி மாதிரி சுட்டது.

கேமுக்கு இவ்வளவு கணக்கு ஆகாதாம். நெருப்பைச் சின்னச் சின்னப் படங்களாக எடுத்து, ஒரே படத்துக்குள் கட்டம் கட்டமாக அடுக்கி, தட்டையான ஒரு அட்டையில் விறுவிறுவென்று புரட்ட வேண்டுமாம். பார்க்கிறவன் கண்ணுக்கு நெருப்பு, ஃபோனுக்கு வெறும் படம். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டே விட்டேன். மேடம் சிரிக்கவில்லை.

"எங்க கேம ஆடுறவங்க கையில இருக்கறது இந்த ஃபோன்தாம்பா. இதுல எரிஞ்சாதான் நெருப்பு. நாளன்னிக்குக் கொண்டா, அதுக்கு மேல இந்த எடத்த என்னால நிறுத்தி வெக்க முடியாது."

வரிசை

அந்த நாளன்னிக்குத்தான் ஐடிஐ-க்கும் கடைசி நாள். அதுவும் விழுப்புரம்தான். வரிசையில் நின்றால் சாயந்திரம் ஆகிவிடும், இரண்டுக்கும் போக முடியாது. அப்பா சர்டிபிகேட்டையெல்லாம் கவரில் போட்டுக் கொடுத்து, "மொதல்ல போய் வரிசைல நில்லு" என்றார். படங்களாக அடுக்கிய என் நெருப்போ இன்னும் விக்கிக்கொண்டிருந்தது. கடைசிப் படத்துக்கும் முதல் படத்துக்கும் பொருந்தாமல், ஒவ்வொரு சுற்றும் முடியும்போது தீ ஒரு தடவை தூக்கிப் போட்டது. பஸ்ஸிலேயே யோசித்தேன்: கடைசிப் படங்களை மெல்ல மங்கவிட்டு, அவற்றின் மேலேயே முதல் படங்களை எழும்பவிட்டால்? ஐடிஐ நிறுத்தத்தில் வரிசை ரோடு வரைக்கும் நின்றது. நான் பஸ்ஸிலேயே இருந்தேன்.

கம்பெனியில் ஒரு மிஷினைக் கேட்டு வாங்கி அங்கேயே சரி செய்தேன். விரிசல் விட்ட அந்த ஃபோனில் தீ நிற்காமல் எரிந்தது. "சுமார்தான்" என்றார் மேடம். "நாளைலேருந்து வா. இப்போதைக்கு மாடு நடந்தா கெளம்புற தூசி மட்டும்தான் உனக்கு." அப்பாவுக்கு ஃபோன் போட்டு உண்மையைச் சொன்னேன். டிராக்டரை அணைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், "அந்த நெருப்ப அனுப்பு" என்றார். அனுப்பினேன். பார்த்துவிட்டு அவரே கூப்பிட்டார்.

"இப்பதான்டா போரு மாதிரி எரியுது. செரி, நாளைக்குக் காலைல ஐடிஐ-க்குப் போயி ஆபீஸ்ல கேளு, ஒரு எடமாவது மிச்சம் இருக்கும்."

நான் போகவில்லை, மறுநாள் காலையில் எனக்கு மாட்டுக் காலடித் தூசி வேலை இருந்தது.