வைப்பினுக்கு வந்த உப்பு

என் அப்பா என் கையைப் பிடித்ததே இல்லை. மட்டாஞ்சேரி பஜாரில் லாரிகளுக்கும் கைவண்டிகளுக்கும் நடுவே ரோட்டைக் கடக்க வேண்டுமென்றால், தோளில் கிடக்கும் துண்டின் முனையை நீட்டுவார். அதைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் ஓட வேண்டும். ஆட்டுக்குட்டியை இழுத்துப் போவது போல இருக்கிறதென்று பள்ளிக்கூடத்தில் கேலி செய்தார்கள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சண்டை போடுவேன். கேட்டுக்கொண்டு மறுநாளும் துண்டைத்தான் நீட்டுவார்.

இன்னொரு சட்டமும் உண்டு. அக்கரைத் தீவான வைப்பினுக்குப் போகக் கூடாது. ஃபோர்ட் கொச்சியிலிருந்து வண்டிகளை ஏற்றிப் போகும் ஜங்கார் படகில் ஏறினால் ஒரு சாயா குடிக்கும் நேரத்தில் அக்கரை போய்விடலாம். ஆனால் வழியில் காயல் கடலோடு சேரும் அழிமுகம் இருக்கிறது. ஏன் என்று கேட்டால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார்.

காரணத்தை அம்மாதான் சாவதற்கு முன் சொன்னாள். அப்பா பிழைக்க வந்து இங்கே தங்கியவர் இல்லையாம், கடலிலிருந்து வந்தவராம். இருபது வயதில் தூத்துக்குடியிலிருந்து உப்பு ஏற்றி வந்த தோணியில் ஏழு பேரில் ஒருவர். தாய் தகப்பன் இல்லாத அவரை வளர்த்தது தாய்மாமா. மாமாவின் ஒரே மகனும் அதே தோணியில் இருந்தார். எடவப்பாதிப் பருவமழை முன்கூட்டியே வந்துவிட்ட ஒரு காலையில், இந்த அழிமுகத்து மணல்திட்டில் தோணி ஏறி உடைந்தது. உப்பு அத்தனையும் கரைந்துபோனது. அப்பாவும் மச்சானும் ஒரு காலித் தண்ணீர்ப் பீப்பாயின் இரண்டு பக்கத்தில் கிடந்தபடி, அதற்கு மேலே குறுக்காகக் கை கோத்துக்கொண்டார்கள். ஒரு பெரிய அலை வந்தது. அது போன பிறகு அப்பாவின் கையில் மச்சானின் கை இல்லை.

தெற்குக் கரையான கொச்சிப் பக்கத்து வள்ளக்காரர்கள் அப்பாவைத் தூக்கி ஆஸ்பத்திரியில் போட்டார்கள். எத்தனை நாள் காய்ச்சலில் கிடந்தார் என்று அவருக்கே தெரியாது. எழுந்து வெளியே வந்து ஒரு சாயாக்கடையில் உட்கார்ந்தபோது யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். உப்புத் தோணியில் ஆறு பேர் பிழைத்துக்கொண்டார்கள், ஒருத்தன் கடலோடு போய்விட்டான். அப்பா அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கையை விட்டவர் தான்தான், இனி எந்த முகத்தோடு மாமாவின் முன்னால் போய் நிற்பது? அங்கேயே பஜாரில் மூட்டை தூக்கினார், பிறகு நகரசபையில் வேலைக்குச் சேர்ந்தார், இங்குள்ள தமிழ்க் குடும்பத்திலேயே கல்யாணம் செய்துகொண்டார். நாங்கள் கொச்சிக்காரர்கள் ஆன கதை இவ்வளவுதான்.

அப்பாவுக்கு இப்போது எண்பத்தெட்டு வயது. போன மாம்பழக் காலத்தில், என்னோடு நகரசபை அலுவலகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்த சேச்சி காலை ஒடித்துக்கொண்டார். அவர் வீடு வைப்பினில். அறுபதைத் தாண்டிய மகள் நான், அப்பாவுக்குப் பயந்துகொண்டு பார்க்கப் போகாமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்? சொல்லாமல் ஜங்காரில் ஏறிவிட்டேன்.

சேச்சி கட்டிலில் இருந்தபடியே அதிகாரம் செய்தார். மாங்காயை உப்பிலிட ஆளில்லை, ஜாடியை எடு, உப்புச் சாக்கைப் பிரி என்றார். சாக்கின் வாயில் ஒரு துண்டுக் காகிதம் தைத்திருந்தது. தமிழ் எழுத்து. நான் படித்ததெல்லாம் மலையாளத்தில். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். 'அழிமுகத்தில் போன என் மச்சானுக்கு ஒரு மெழுகுவர்த்தி.'

"இது எங்கிருந்து சேச்சி?"

"தூத்துக்குடி உப்பாணு. பண்டு ஒரு தோணி இவிடெ பொளிஞ்சு போச்சு. எண்டெ அப்பனும் கூட்டரும்தான் ஆறு பேரை எடுத்தது. அதில ஒராள் வருஷாவருஷம் ஒரு சாக்கு உப்பு அனுப்பும். அவர்டெ மச்சான் மட்டும் கிட்டியில்ல. பாவம். ரெண்டு பேரும் ஒரு பீப்பாயைப் பிடிச்சுக் கிடந்தாங்களாம். உப்பு வந்தால் சர்ச்சில மெழுகுதிரி கொளுத்தணும். அப்பன் செஞ்சது, இப்ப நான் செய்யுறது."

நான் மாங்காய்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆறு பேரும் வைப்பின் கரைக்கு வந்து சேர்ந்தவர்கள். அதில் மச்சானும் ஒருவர். காணாமல் போன அந்த ஒருத்தன் என் அப்பா. சாயாக்கடையில் உட்கார்ந்து தன் சாவையே கேட்டுவிட்டு, பிழைத்த ஆறில் தன்னையும் சேர்த்து எண்ணி, அதை மச்சானின் சாவு என்று எடுத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறார். அக்கரையில் தோசை தின்றுகொண்டிருந்தவருக்கு இக்கரையில் வருஷந்தோறும் மெழுகுவர்த்தி எரிந்திருக்கிறது.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. எந்த ஒருத்தன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! பிறகு, எப்படி எடுத்தார்கள் என்று சேச்சி சொல்லச் சொல்லக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அலை மடங்கும் இடத்துக்குள் வள்ளம் போனால் கவிழ்ந்துவிடும். அதனால் வெளியிலேயே துடுப்பால் வள்ளத்தை நிறுத்திக்கொண்டு, மிதவை கட்டிய பெரிய வலையை அலைக்குள் விட்டிருக்கிறார்கள். முங்கிக்கொண்டிருந்தவர்கள் வலைக்கண்ணில் விரலை மாட்டிக்கொண்டார்கள். அப்படியே மீனை இழுப்பது போல இழுத்திருக்கிறார்கள். கடைசி ஆளை ஏற்றியதும் வலை திட்டில் சிக்கி வள்ளத்தையே உள்ளே இழுக்க, சேச்சியின் அப்பன் கத்தியால் அதை அறுத்து விட்டுவிட்டார். இருந்த ஒரே வலை. பேர் தெரியாத, பாஷை தெரியாத ஆறு பேருக்காக. மனிதர்கள் இப்படியும் இருந்திருக்கிறார்களே என்று ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்த மச்சான் இன்னும் இருக்கிறார் என்று சொல்லி சேச்சி போன் நம்பர் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா நம்பவில்லை. "சும்மா இரி. போனவன் போனவன்தான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, அவர் மடியில் வைத்தேன்.

"யாரு பேசுறது?" என்றது ஒரு நடுங்கிய குரல்.

அந்தக் குரல் மறுபடியும் கேட்டது. அப்போது அப்பா மெல்லச் சொன்னார்.

"பீப்பாய் மூடி ஒம்பக்கம்லா இருந்துச்சு."

லைன் போய்விட்டதோ என்று நான் குனிந்து பார்த்தேன்.

"ஏலே... நீயா? நீயாலே?"

"நான் கைய விட்டுட்டேன் மச்சான்."

"நீ எங்கலே விட்ட? மூடி பிஞ்சு போச்சு, உள்ள தண்ணி ஏறுது. இது ரெண்டு பேரத் தாங்காதுன்னு நான்லா ஒன் விரல ஒவ்வொண்ணா பிரிச்சேன். நீ விடவே மாட்டேன்னுட்டியே. அப்புறம் பீப்பாய் மட்டும் தனியாக் கரை ஒதுங்கிச்சு. நான் விட்டும் நீ பொழைக்கலயேன்னு..."

இரண்டு கிழவர்கள் அழுவதை ஒரு போன் எவ்வளவு நேரம் தாங்குமோ அவ்வளவு நேரம் தாங்கியது. கடைசியில் அப்பா, "மாமா?" என்று கேட்டார். போய் முப்பது வருஷமாகிவிட்டதாம். அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

மறுநாள் காலையில் அப்பா குளித்து வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "வைப்பினுக்குப் போகணும். அந்த வீட்டு ஆளுங்களப் பாக்கணும்."

ஜங்கார் நடுவழிக்கு வந்தபோது எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு அழிமுகத்தைப் பார்த்தார். கோடை மழை பிடித்திருந்த நாள், திட்டில் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. "இதுக்குள்ளயா வந்தானுங்க?" என்றார். வள்ளக்காரர்களைத்தான் சொன்னார்.

அக்கரையில் ஜங்கார் இடித்து நின்றது. பைக்குகளும் ஆட்டோக்களும் முண்டியடித்தன. வழக்கம்போல நான் அவர் தோளில் கிடந்த துண்டின் முனையைப் பிடிக்கப் போனேன். அப்பா துண்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கையை நீட்டினார். மூட்டை தூக்கிய கை, எண்பத்தெட்டு வயதிலும் இரும்பாக இருந்தது. விரல் வலித்தது. சேச்சியின் வீடு வரும் வரைக்கும் நான் விடச் சொல்லவில்லை.