விசை வைக்காத துப்பாக்கி

இதை நம்பியே ஆகவேண்டும் என்று யாரையும் நான் கேட்கவில்லை. ஆனால் இதில் வரும் ஒவ்வொரு நிமிடமும் என் நோட்டில் அன்றன்றே எழுதியது. என் கை செய்த தவறா என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். அப்படி இருக்கட்டும் என்றுகூட ஆசைப்பட்டேன். இல்லை. நடந்தது இதுதான்.

செவ்வாய், வியாழன் மாலை ஆறரை முதல் எட்டரை வரை வகுப்பு. குழலின் வாய் வழியாக வெடிமருந்து போட்டு இடிக்கும் பழைய மாதிரித் துப்பாக்கியை நாமே செய்து முடிக்க வேண்டும். ஆசைப்பட்டுச் சேர்ந்தது அத்தான்தான். அக்கா என்னையும் கூடவே அனுப்பினாள். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். "அந்த மனுஷன் எதையும் பார்க்காம கைய வைப்பாரு. முழுசா வீடு வந்து சேரணும். அது உன் பொறுப்பு," என்றாள். நான் எல்லாவற்றையும் எழுதி வைப்பதால் அத்தான் எனக்கு வைத்த பெயர் நோட்டம்மா.

குழலைக் கட்டையில் பதிக்கும் முன் இருவரும் விளக்குக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தோம். சுத்தமாக இருந்தது. பிறகுதான் பின்வாயைத் திருகு போட்டு அடைத்தோம். இதுவும் நோட்டில் இருக்கிறது.

அடுத்த வேலை லாக். சக்கிமுக்கிக் கல்லைக் கவ்விக்கொண்டு அடிக்கும் குதிரை, அதைத் தள்ளும் வில், அதைப் பிடித்து நிறுத்தும் கொக்கி, எல்லாம் ஓர் இரும்புத் தகட்டில் இருக்கும். எங்களுக்கு வந்தது வகுப்பு நடத்தும் மாஸ்டரின் பழைய பெட்டியில் கிடந்த ஒன்று. அந்தத் தகடு கட்டைக்குள் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். தகட்டில் விளக்குக் கரி தடவி, மரத்தில் அழுத்தி எடுப்போம். கரி ஒட்டிய இடத்தில் மரம் இடிக்கிறது என்று அர்த்தம். அங்கே மட்டும் உளியால் சுரண்டிவிட்டு மறுபடி கரி தடவுவோம். பொறுமை வேண்டும். அதனால் அத்தான் அதை என்னிடம் தள்ளிவிட்டார்.

வியாழன், மணி 7.10. பத்தொன்பதாவது முறை அழுத்தி எடுத்தேன். கரி எல்லா இடத்திலும் சமமாகப் பட்டிருந்தது. கொக்கியின் வால் போவதற்கு ஒரு சின்னத் துளை போட்டிருந்தோம். அதன் அடியிலும் கரி இருந்தது. நீள்வட்டமாக. உள்ளே மெல்லிய கோடுகள்.

விரல் ரேகை.

என் விரல் பட்டிருக்கும் என்று எழுதினேன். பிறகு அளந்து பார்த்தேன். பென்சில் பருமன் துளை அது. என் சுண்டு விரலே நுழையாது. துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினேன். இந்த முறை ரேகை இன்னும் தெளிவாக இருந்தது.

"உன் கை பூரா கரி. போய்க் கழுவிட்டு வா," என்றார் அத்தான்.

7.35க்கு லாக்கைத் திருகு போட்டு முடுக்கினேன். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் துப்பாக்கியில் விரலால் இழுக்கும் விசையே இன்னும் வைக்கவில்லை. கொக்கியைத் தூக்கிவிட உள்ளே எதுவும் கிடையாது.

குதிரையை முழுதாக இழுத்து நிறுத்தினேன். அத்தான் குழலுக்கு எதிரே உட்கார்ந்து ஏதோ அரம் போட்டுக்கொண்டிருந்தார்.

7.42. டக்.

தானாக விழுந்தது...

சோதித்துப் பார்த்தேன். துப்பாக்கியைக் கவ்வியிருந்த வைஸைத் திருப்பிக் குழலைச் சுவர் பக்கம் வைத்தேன். பத்து நிமிடம் நின்றது. பக்கத்து மேஜைக் கொத்தனார் பக்கம் வைத்தேன். ஐந்து நிமிடம் நின்றது. அத்தான் பக்கம்... நாற்பது வினாடியில் டக். மறுபடி அத்தான் பக்கம். பன்னிரண்டு வினாடி.

"என் மேல அதுக்குக் கோவம் இல்ல போல. உங்களைத்தான் பிடிக்கல," என்றார் கொத்தனார்.

"என் பொண்டாட்டிக்கே என்னைப் பிடிக்கல. இதுக்குப் பிடிக்கணுமா?" அத்தான் எழுந்தார். "கொக்கி தேஞ்சிருக்கு. கல்லு வெச்சுப் பார்ப்போம்."

"வேண்டாம் அத்தான்."

"பொறி எப்படி விழுதுன்னு முன்னாலருந்து பார்த்தாதான் தெரியும். நகரு."

8.05. கல்லை மாட்டினார். குதிரையை இழுத்தார். எதிரே போய்க் குனிந்து உட்கார்ந்தார்.

கட்டைக்குள் சத்தம் கேட்டது.

க்ரிச்... க்ரிச்...

நகத்தால் சுரண்டுவதுபோல.

பாய்ந்து குதிரையைப் பிடித்தேன். கல் உள்ளங்கையைக் கிழித்தது.

வில்லின் இழுப்பு எனக்குப் பழக்கம். அது ஒரே சீராக இருக்கும்.

இது விட்டுவிட்டு இழுத்தது.

அத்தான் என் முகத்தைப் பார்த்தார். கல்லைக் கழற்றினார்.

இழுப்பு நின்றது.

மாஸ்டர் வந்தார். நீளக் குச்சியைக் குழலுக்குள் விட்டார். காலிக் குழலில் அது டிங் என்று ஒலிக்கும்.

டொக்.

"எல்லாரும் வெளிய போங்க," என்றார்.

குழலுக்குள் முன்பே வெடிமருந்து இடிக்கப்பட்டிருந்தது. குண்டும் இருந்தது. வகுப்புக்குள் யாரும் மருந்து கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்ததும் இல்லை. குண்டைச் சுற்றியிருந்த துணியை மாஸ்டர் என்னிடம் காட்டினார். பச்சைக் கோடு போட்ட புதுத் துணி. அதில் ஒரு பொத்தான் துளை, நீல நூலில் தைத்தது. யாருடையது என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அதை என் நோட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

அத்தான் வகுப்பை விட்டார். அக்காவுக்குப் பெண் பிறந்தது. நல்லபடியாக முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வரை. அன்று அக்கா எனக்கு ஒரு சட்டை கொடுத்தாள். அவளே தைத்தது. "அவரைக் காப்பாத்திக் கொடுத்தியே, அதுக்கு," என்றாள்.

பச்சைக் கோடு.

மூன்றாவது பொத்தான் துளை மட்டும் நீல நூல்.

"பச்சை நூல் தீர்ந்துபோச்சுடி. யாரு உத்துப் பார்க்கப் போறா?"

துணி எப்போது வாங்கியது என்று கேட்டேன். போன வாரம்தான் என்றாள்.

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தேன். சட்டைமேல் அந்தத் துண்டை வைத்தேன். கோட்டுக்குக் கோடு சேர்ந்தது. பிறகு அன்று எழுதிய பட்டியலைப் படித்தேன். சுவர், கொத்தனார், அத்தான். எல்லோரும் இருந்த இடத்தை எழுதியிருக்கிறேன்.

நான் நின்ற இடத்தை எழுதவில்லை.

சுவர் பக்கமும் கொத்தனார் பக்கமும் திருப்பியபோது நான் வைஸுக்குப் பின்னால் இருந்தேன். அது விழுந்த மூன்று முறையும் அத்தானின் தோளை ஒட்டி நின்று நேரம் குறித்துக்கொண்டிருந்தேன். குழலுக்கு நேராக.

சட்டையைக் கண்ணாடி முன் என்மேல் வைத்துப் பார்த்தேன். மூன்றாவது பொத்தான் சரியாக நெஞ்சுக்கு நேரே வருகிறது.

இன்று காலைவரை சட்டையில் ஒரு கிழிசலும் இல்லை.

நான் அதை இன்னும் போடவில்லை.